வளவுச் சருகு யாருக்குச் சொந்தம்?

(கல்முனையில் வீட்டுக்காரரும் விவசாயிகளும் ஒன்றுகூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)

வயலிலிருந்து நேரே வந்து, சேறு உலராத காலோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் உழவர் பெருமக்களே!

குப்பையைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள்மீது எங்களுக்கு வருத்தமில்லை. மொழிக்காக மேடை போட்ட கரை இது. காணிக்காகவும் எல்லைக்காகவும் மேடை போட்ட கரை இது. அந்த மேடைகளில் முழங்கிய ஒலிபெருக்கியை வாடகைக்கு எடுத்து வந்து, தென்னோலையையும் மாஞ்சருகையும் பற்றிப் பேச நிற்கும்போது எங்களுக்கே சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று வாரமாக மதிலோரம் குவிந்து கிடக்கும் மட்டைகளைத் தாண்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவர் எவரும் இது வேண்டாத கூட்டம் என்று சொல்லமாட்டார்.

நிலைமை என்ன? முன்பு அடிக்கடி ஒழுங்கைக்குள் வந்த உழவு இயந்திரப் பெட்டி இப்பொழுது எப்போதாவது வருகிறது. வந்தாலும் அடுப்படிக் குப்பையை ஏற்றிக்கொண்டு வளவுக் குப்பையை விட்டுவிட்டுப் போகிறது. "காக்கா, ஓலை மட்டை ஏத்த ஏலா, பெட்டி நிறைஞ்சிட்டு" என்கிறான் தொழிலாளத் தம்பி. "அப்ப இத எங்க தம்பி கொண்டு போடுற?" என்று கேட்கிறார் வீட்டுக்காரர். தம்பியிடம் விடை இல்லை. அவனைக் கோபித்து என்ன பயன்? வெறுங்கையால் நம் குப்பையை அள்ளுகிறவன் அவன். பெட்டியின் அளவையும் டீசலின் அளவையும் தீர்மானிக்கிறவன் அவன் அல்லன்.

பிறகு அந்த ஓலை எங்கே போகிறது? நம் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். பொழுது சாயும் நேரத்தில் ஒரு தீக்குச்சி போதும். மதிலுக்கு அப்பால் இருக்கும் மூதாட்டி இரவெல்லாம் இருமுகிறார். நெருப்பு மூட்ட மனம் வராதவர் வடிகானுக்குள் தள்ளுகிறார். வாடைக்காற்றோடு மாரி மழை பிடித்ததும் அந்த வடிகான் அடைபட்டு அவருடைய வாசலுக்கே தண்ணீர் திரும்பி வருகிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர் இருட்டியபின் கடலோரத்தில் கொட்டுகிறார். விடிந்தால் கரைவலைக்காரர் அதன்மேல்தான் வலை இழுக்கவேண்டும். ஆளில்லாத வளவு பக்கத்தில் இருந்துவிட்டாலோ சொல்லவேண்டியதில்லை. வெளிநாட்டில் இருக்கும் அந்த வளவுக்காரருக்குத் தம் நிலம் ஊர்க் குப்பைமேடாகிவிட்ட செய்தி இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது!

குப்பையை வெளியிடத்தில் எரிப்பது இந்த நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்ட செயல். அதே ஆண்டில் இலங்கை முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். சருகுக் குவியலுக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டையிலும் இளநீர்க் கோம்பையிலும் தேங்கும் ஒரு கை நீர் நுளம்புக்குப் போதும். ஆகவே எரித்தாலும் கேடு, எரிக்காமல் போட்டு வைத்தாலும் கேடு என்ற இக்கட்டில் நாம் நிற்கிறோம்.

நண்பர்களே! இந்த இக்கட்டு ஒரு நாளில் வந்ததன்று. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எரிபொருள் இல்லையென்று அரசாங்கமே அறிவித்தது. எரிபொருள் நிலையங்களில் இரவும் பகலும் வரிசையில் கிடந்தோம். குப்பை வண்டி ஓடாததைப் பற்றி அன்று எவரும் முறையிடவில்லை. வயலுக்கு ஓடவேண்டிய இயந்திரமே நின்றபோது குப்பைப் பெட்டிக்கு யார் அழுவார்? அடுப்பெரிக்கும் வாயுவும் கிடைக்காமற்போன அந்த மாதங்களில் ஓர் அதிசயத்தையும் கண்டோம். மதிலோரம் கிடந்த மட்டையும் பாளையும் கொதும்பும் மறைந்துபோயின! வாயு அடுப்பை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு நம் தாய்மார் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். அன்று ஓலைக்குப் பெயர் விறகு. வாயு வந்ததும் அதற்குப் பெயர் மறுபடியும் குப்பை.

இதை இன்னும் சற்று ஆழமாகப் பார்க்கவேண்டும். வளர்ந்த தென்னை மாதம் ஒன்று வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலை கழிக்கும். நான்கு தென்னை நிற்கும் வளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 ஓலை விழும். நம் பாட்டன்மார் காலத்திலும் இதே கணக்குத்தான். தென்னை அன்று குறைவாகக் கழித்ததில்லை. ஆனால் அன்று அந்த ஐம்பது ஓலையும் போதவில்லை. ஊறவைத்துக் கிடுகு பின்னினார்கள். கூரைக்கும் வேலிக்கும் ஆண்டுதோறும் புதுக் கிடுகு வேண்டும். ஈர்க்கில் விளக்குமாறாயிற்று. காய்ந்த ஓலை இரவில் வழி காட்டும் சூளாயிற்று. மட்டை அடுப்புக்குப் போயிற்று. அடுப்புச் சாம்பல் கத்தரிக்கும் வாழைக்கும் போயிற்று. வேலிக்கு நட்ட பூவரசும் கிளிசரியாவும் தளைத்தபோது, அந்தத் தழையை வெட்டி வயற் சேற்றில் மிதித்தார்கள். கிடுகு வேலி போய் மதில் வந்தது. கூரைக்கு ஓடும் தகரமும் கொங்கிறீற்றும் வந்தன. வேண்டாமென்று சொல்ல நாங்கள் வரவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியையும் 2004 டிசம்பர் 26ஐயும் கண்ட கரைக்குக் கல்வீடு எவ்வளவு அவசியம் என்பதை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. ஆனால் மதில் எழும்பிய அன்றே ஓலை வேலையிழந்துவிட்டது. வேலையிழந்த ஓலையை அள்ளிச்செல்ல ஒரு பெட்டி வேண்டியதாயிற்று. இன்று அந்தப் பெட்டியின் வரவு குறைந்தவுடன் நாம் திகைத்து நிற்கிறோம்.

பலாவிலையை மாத்திரம் பாருங்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய மாதத்தில் ஒரு பலாவிலையாவது குப்பையாக வெளியே வந்ததை யாராவது கண்டதுண்டா? ஆடு கட்டியிருக்கும் வீட்டுக்காரர் அயலாரின் பலாவைக்கூட மொட்டையடித்துவிடுவார்! பெருநாள் முடிந்த மறுவாரம் அதே இலை பையில் கட்டப்பட்டுத் தெருவோரத்தில் கிடக்கும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 129ஆம் பிரிவு: தெருக்களைக் கூட்டுவதும், தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் உரிய காலத்தில் அகற்றுவதும் சபையின் கடமை. சபை விரும்பினால் செய்யலாம் என்று அங்கே எழுதப்படவில்லை. கடமை என்றே எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த பிரிவு இன்னும் சுவையானது. சபை சேகரித்த குப்பை சபையின் சொத்து. அதை விற்கவும் வேறு வகையில் தீர்க்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. சொத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். 1947இல் சட்டம் எழுதியவன் குப்பையைச் சொத்தென்று அறிந்திருந்தான். பெட்டியில் ஏறியபின் அது சபையின் சொத்து. ஏறும் வரை? நம்முடைய சொத்துத்தான். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவோம்.

கடமையைக் கேட்க யாரிடம் போவது என்பதுதான் இந்த ஊருக்கே உரிய தொல்லை. நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச் மாதத்தில் முடிந்தது. 2025 மே 6இல் 339 மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. அயலிலுள்ள ஊர்கள் வாக்களித்து உறுப்பினரைத் தெரிந்தன. கல்முனை மாநகர சபைக்கு மாத்திரம், நீதிமன்றத்தில் இருந்த வழக்கின் காரணமாக, அன்று தேர்தல் நடக்கவில்லை. மருதமுனை, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று இத்தனை ஊர் மக்களும் சோலைவரி செலுத்திக்கொண்டு, வீடு தேடிப்போய்க் கேட்பதற்கு ஒரு வட்டார உறுப்பினர் இல்லாமல் காலம் தள்ளவேண்டியிருந்தது. ஆணையாளரும் அலுவலரும் இருந்தார்கள். அவர்கள் மக்களுடைய வாக்கைக் கேட்டு வந்தவர்கள் அல்லர். எல்லைத் தகராற்றின் நியாய அநியாயத்தை இன்று நாங்கள் பேசப்போவதில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு, பேச்சாளருக்கும் குறைவில்லை. ஆனால் தமிழன் வளவு மட்டையும் முஸ்லிம் வளவு மட்டையும் ஒரே வடிகானைத்தான் அடைக்கின்றன என்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறோம்.

பெட்டியில் ஏறிய குப்பை எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் பின்னாலே போய்ப் பார்த்திருக்கிறோம்? அட்டாளைச்சேனைப் பக்கத்திலே பள்ளக்காடு என்று ஓரிடம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008இல் அங்கே ஒரு கழிவு முகாமைத்துவ நிலையம் அமைக்கப்பட்டது. யானை வராதிருக்க மின்வேலியும் போட்டார்கள். 2014இல் இடி விழுந்து அந்த வேலி பழுதாயிற்று, திருத்துவாரில்லை. யானைகள் உள்ளே வந்தன. அழுகிய மரக்கறியும் சோறும் பொலித்தீன் பையோடு சேர்ந்தே கிடந்தன. பையைப் பிரித்து உண்ண யானைக்குத் தெரியாது, பையோடு விழுங்கிற்று. 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் இரண்டு யானைகள் மாண்டபோது, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் இவ்வாறு இறந்துவிட்டன என்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. உலகம் அம்பாறை மாவட்டத்தின் பெயரை அறிந்துகொண்டது இப்படியா இருக்கவேண்டும்?

குப்பையில் பாதிக்கு மேற்பட்டது மக்கும் பொருள். சருகும் சோறும் மீன் குடலும் வாழைத்தண்டும் மண்ணுக்குச் சேரவேண்டியவை. அவற்றைப் பொலித்தீனோடு கலந்த கை பள்ளக்காட்டில் இல்லை. நம் வீட்டு வாசலில் இருக்கிறது. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை 2017 சித்திரைப் புத்தாண்டு நாளன்று சரிந்து வீடுகளை மூடி முப்பது பேருக்கு மேல் உயிரைக் குடித்ததும் இதே கலப்புக் குப்பைதான்.

இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது, அதைக் கண்ட ஊர் கடலுக்கு அப்பால் அதிக தூரத்திலும் இல்லை. கேரளத்தில் ஆலப்புழை என்று ஒரு பட்டினம். நம்மைப் போலவே கடல், மணல், தென்னை, சந்துக்குச் சந்து வாய்க்கால், தோண்டினால் சில அடியிலே தண்ணீர். அந்த நகரத்தின் குப்பையெல்லாம் சர்வோதயபுரம் என்ற அயற் கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. நாற்றம் பொறுக்கமாட்டாத கிராமத்தார் 2012இல் வண்டிகளை மறித்தார்கள். நகரம் குப்பையில் மூழ்கியது. வண்டி குறைந்ததற்கே நாம் கூட்டம் கூடியிருக்கிறோம். அவர்களுக்கோ வண்டி போக இடமே இல்லாமற்போயிற்று! அன்று அந்த நகரத்தார் இன்னொரு கிராமத்தைத் தேடவில்லை. வீடுகளில் குழாய்க் கூட்டெரு, இடமுள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலம்போன்ற சிறு கலம், இடமில்லாத தெருவில் பொதுத்தொட்டி என்று வேலை தொடங்கினார்கள். 2017இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, கழிவு முகாமைத்துவத்தில் உலகுக்கு எடுத்துக்காட்டான ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

அந்தப் பொதுத்தொட்டியின் சூட்சுமத்தை உழவர்கள் கேட்கவேண்டும். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் தும்பூர்மூழி என்ற இடத்திலுள்ள பண்ணையில் கண்ட முறை அது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். காற்றுப் புக இடைவெளி விட்ட பெட்டி. அடியில் பசுஞ்சாணம், அதன்மேல் அரையடி காய்ந்த சருகு, அதன்மேல் சமையற் கழிவோ மீன் கழிவோ. மறுபடி சாணம், சருகு, கழிவு. ஏறக்குறைய 90 நாளில் எரு. நாற்றம் இல்லை. ஏன் இல்லை? மக்கும் நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைதரசனுக்கு 25 முதல் 30 பங்கு காபன் வேண்டும். மீன் குடலிலும் சாணத்திலும் நைதரசன் மிகுதி. காய்ந்த சருகிலே காபன் மிகுதி. சருகு குறைந்தால் குவியல் அழுகி நாறும். சருகு மாத்திரம் கிடந்தால் ஆண்டு கடந்தாலும் மக்காது. இரண்டையும் சேர்த்துக் காற்றும் ஈரமும் கொடுத்தால் உள்ளே 60 பாகை வரை சூடேறி, புழுவும் களைவிதையும் செத்து, மூன்று மாதத்தில் கறுத்த எரு கையில் வரும்.

ஆகவே வண்டிக்காரன் வேண்டாமென்று விட்டுச் செல்லும் சருகுதான், மீன் சந்தையின் நாற்றத்துக்கு மருந்து! மருந்தை எரித்துவிட்டு நாற்றத்தை மூடிக்கொண்டிருக்கிறோம்.

'வளவில் ஒரு கிடங்கு வெட்டுங்கள், பிரச்சினை தீர்ந்தது' என்று துண்டுப்பிரசுரம் எழுதுவோர் உண்டு. அவர்கள் நம் ஊரை அறியாதவர்கள். பெண்மக்களுக்கு வீடும் வளவும் கொடுப்பது இக்கரையின் வழக்கம். 40 பேர்ச் வளவு நான்கு மகள்மாருக்குப் பகிரப்பட்டுப் பத்துப் பேர்ச்சாகி, அதிலே வீடும் கிணறும் மலகூடக் குழியும் வந்தபின், கிடங்கு வெட்டும் இடம் எங்கே? மணற்பூமியில் கிணற்றோரம் குப்பைக் கிடங்கு வெட்டினால் அந்த ஊறல் கிணற்றுக்குத்தான் போகும். இடமுள்ளவர் வளவிலேயே செய்யட்டும். தரைக்கு மேலே தொட்டியாகக் கட்டிக் கூரை போட்டுச் செய்யட்டும். இடமில்லாதவருக்குத் தெருவுக்குப் பொதுத்தொட்டி வேண்டும். பள்ளிவாசல் வளவிலும் கோயில் வளவிலும் பாடசாலை மூலையிலும் இடம் கேட்கவேண்டும்.

இப்பொழுது உழவர் பக்கம் திரும்புகிறோம். நீங்கள் மனத்துக்குள் சிரிப்பது எங்களுக்குத் தெரிகிறது. 'சேதனப் பசளை' என்ற பேச்சைக் கேட்டாலே உங்களுக்கு 2021 நினைவுக்கு வரும். அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு பெரும்போகத்தில் பயிர் மஞ்சளித்து நின்றதை நீங்கள் கண்டீர்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் காலம் தப்பிவிட்டது. சீனாவிலிருந்து 20,000 தொன் சேதனப் பசளையோடு வந்த கப்பலில் நோய்க்கிருமி இருக்கிறதென்று திருப்பினார்கள்; திருப்பிய பசளைக்கும் 2022இல் 60 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்தார்கள். மட்டைக்குத் தீ வைத்துக்கொண்டு கடல் கடந்து எரு வாங்கிய நாடு இது!

அந்தப் பிழையை நாங்கள் மறுபடி செய்யச் சொல்லவில்லை. கணக்கைத் திறந்து சொல்கிறோம். 50 கிலோ யூரியா மூடையிலே 23 கிலோ நைதரசன் உண்டு. கூட்டெருவில் நூற்றுக்கு ஒரு பங்கு நைதரசன் என்று வைத்தால், அந்த ஒரு மூடைக்கு ஈடாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் முழுவதும் அந்தப் போகத்திலேயே பயிருக்குக் கிடையாது. ஆகவே வளவுச் சருகால் வயல் முழுவதையும் காப்பாற்றலாம் என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார். அப்படியானால் அதனால் என்ன பயன்? மணலுக்கு நீரைப் பிடித்து வைக்கும் சக்தி கிடையாது. இட்ட யூரியாவும் நீரோடு வடிந்து கிணற்றுக்குப் போய்விடும். எரு சேர்ந்த மண் நீரையும் பிடிக்கும், பசளையையும் பிடிக்கும். வீட்டுத்தோட்டக்காரரும் மிளகாய், கத்தரி, வெங்காயம் செய்பவரும் தென்னந்தோட்டக்காரரும் இதை முதலில் கேட்டு வாங்கவேண்டியவர்கள். நெல் விவசாயி நாற்றுமேடைக்கும் வளம் குன்றிய துண்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். வெட்டு இயந்திரம் விட்டுச்செல்லும் வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைப்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பகுதி அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. பட்டினத்தான் சருகை எரிக்கிறான், உழவன் வைக்கோலை எரிக்கிறான். இரண்டு புகையும் வானத்தில் கூடிக்கொள்கின்றன.

ஆனால் உழவர்களுக்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. இக்கூட்டத்துக்கு அழைக்கப் போனபோது முதிய விவசாயி ஒருவர் எங்களிடம் சொன்னார்: "மகன், ஊர்க்குப்பை எரு நல்லந்தான். நான் வெறுங்காலோட சேத்துக்குள்ள இறங்கிறவன். அதுக்குள்ள போத்தல் ஓடு ஒண்டு கிடந்து காலக் கிழிச்சா ஆரு பொறுப்பு?" இதற்கு நாங்கள் விடை சொல்லவில்லை, தலைகுனிந்து வந்தோம். பட்டினக் குப்பை எரு விலைபோகாமல் கிடப்பதற்குக் காரணம் உழவனின் அறியாமை என்று இதுவரை சொல்லிவந்தவர்கள் அந்தப் பெரியவரின் பாதத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடித் துண்டு, சவர அலகு, குழந்தைகளின் அரைக்கச்சை, சிற்றுண்டிப் பை, இவையெல்லாம் கலந்த எருவை எவன் தன் வயலில் போடுவான்? உழவன் நம்மை நம்பவில்லை. நம்புவதற்கு நாம் காரணம் கொடுக்கவில்லை.

நம்பிக்கைக்கு வழி ஒன்று சொல்கிறோம். சருகைச் சருகாகவே, வேறெதுவும் கலக்காமல், வெளியே வைப்போம். ஓலையையும் மட்டையையும் நாலடித் துண்டாக வெட்டிக் கட்டாகக் கட்டி வைப்போம். பொலித்தீன் பையில் அன்று, பழைய சாக்கில் அல்லது உமலில். அறுவடைக் காலத்தில் கரைவாகு வயல்களிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வரும் பெட்டிகள் எத்தனை! நெல்லை இறக்கிவிட்டு அவை வெறும் பெட்டியாய்த் திரும்புகின்றன. டீசல் எரிவது எப்படியும் எரிகிறது. திரும்பும் பெட்டியில் ஒரு தெருவின் சருகை ஏற்றிக் களத்து மேட்டில் குவித்தால், அதனோடு வைக்கோலும் சாணமும் சேர்ந்தால், அடுத்த போகத்துக்கு எரு. சட்டம் சொன்னதை நினைவிருக்கிறதா? பெட்டியில் ஏறும் வரை அது நம் சொத்து. நம் சொத்தை நாம் விரும்பிய விவசாயிக்குக் கொடுக்க எவருடைய அனுமதியும் வேண்டாம். ஒரு நிபந்தனை: ஒரு வீட்டுச் சாக்கில் ஒரு போத்தல் ஓடு கண்டாலும் அந்தத் தெருச் சருகை அந்த விவசாயி அடுத்தமுறை ஏற்றவேண்டியதில்லை. தெருவுக்குள் நாமே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

"அப்படியானால் சபை தப்பிவிடுகிறதே, சோலைவரி எதற்கு?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். கேட்கவேண்டிய கேள்வி. நாம் ஓலையை வெட்டிக் கட்டுவது சபையின் கடமையைச் சபைக்கு மன்னித்துவிடுவதற்காக அன்று. நம்மால் முடியாதவை பல உண்டு. முள்மரக் கிளை, புயலில் விழுந்த அடிமரம், மருத்துவக் கழிவு, உடைந்த கண்ணாடி, அரைக்கச்சை, பற்றரி: இவை எந்தத் தொட்டியிலும் எந்த வயலிலும் சேரமாட்டா. சருகு பெட்டியை விட்டு இறங்கினால், அந்தப் பெட்டிக்கு இவற்றை ஒழுங்காக ஏற்ற இடமும் டீசலும் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கணக்குக் காட்டும்படி கேட்கும் உரிமை, வரி கொடுப்பவனுக்கும் உண்டு, குப்பையைப் பிரித்து வைப்பவனுக்கு அதைவிட உண்டு.

ஆகவே மனுவில் நாங்கள் எழுதியிருப்பது இவ்வளவே. எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வண்டி வரும் என்பதை அச்சிட்டு ஒட்டவேண்டும். வரமுடியாத கிழமையை முன்கூட்டி அறிவிக்கவேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் ஒலிபெருக்கியும் அதற்கு இருக்கின்றன. மாதத்தில் ஒரு நாள் கிளையும் ஓலையும் மாத்திரம் ஏற்றும் நாளாக இருக்கவேண்டும். அன்று ஏற்றியதை மற்றக் குப்பையோடு கலக்கக்கூடாது. மட்டையைத் துண்டாக்கும் இயந்திரம் ஒன்று வேண்டும். ஒரு சபைக்கு அது பெரிய செலவென்றால் காரைதீவு, நிந்தவூர் முதலிய அயற் சபைகளோடு கூட்டாக வாங்கி முறைவைத்து ஓட்டலாம். பலாங்கொடை நகர சபை குப்பையிலிருந்து கூட்டெரு செய்து விற்று நாட்டுக்கு வழி காட்டியிருக்கிறது. மலைநாட்டு அடிவாரத்தில் முடிந்தது மணற்கரையில் முடியாதா? தொழிலாளருக்குக் கையுறையும் காலணியும் வேண்டும். இந்தக் கடைசி வரியை எங்கள் மனுவில் முதல் வரியாகப் போட்டிருக்கிறோம்.

மனு அந்த மேசையில் இருக்கிறது. தமிழில் ஒரு பிரதி, சிங்களத்தில் ஒரு பிரதி. பக்கத்தில் இருக்கும் கொப்பியில், தங்கள் தெருச் சருகை ஏற்ற இணங்கும் விவசாயிகள் வயலின் இடத்தையும் பெட்டி ஊருக்குள் வரும் நாளையும் எழுதவும். சருகு கொடுக்க விரும்பும் தெருக்காரர் எதிர்ப்பக்கத்தில் எழுதவும். எழுதமுடியாத பெரியவர்களுக்கு இளைஞர்கள் உதவுவார்கள். பேனை இரண்டுதான் இருக்கிறது; அவசரப்படாமல் வரிசையாக வாருங்கள்.